நீச்சல் தெரியாது

தபாலில் வந்த நகலை
மண்டபம் டீக்கடையில்தான் பிரித்தேன்.
கடற்படைக் கட்டுமானப் பிரிவில்
சேகு மீராக்கனி என்று யாருமில்லை.
'ஷேக் மீரகன்' இருந்தார்,
பெரியபட்டினம், ராம்நாட் ஜில்லா,
இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு.
தழும்பை வைத்துத்தான் ஆளைப் பிடித்தேன்.
உம்மாவுக்கும் தன் மாமாவைப் பற்றி
அது ஒன்றுதான் நினைவிருந்தது.

வேலை: மரம் அறுப்பு, இரண்டாம் தரம்.
நீச்சல்: தெரியாது.

டீ புரையேறிவிட்டது.
ஒன்பது பாகம் இறங்கிச் சங்கெடுத்த மனுஷன்
எந்தக் குமாஸ்தாவின் முகத்துக்கு நேரே
இதைச் சொன்னாரோ.

அப்புறம் நாற்பத்துமூன்று, நவம்பர்.
வாடை கடலைப் புரட்டிப்போடும் மாதம்.
'நீருக்கடியில் வேலை, பதினொரு நாள்.
கூடுதல் படி ஆறணா.'
தூணுக்காக இறங்கினாரா
ஆளைத் தேடியா,
தாளில் இல்லை.
இருப்பது ஒரு கைநாட்டு,
மை ஊறி, ரேகை கலங்கி.

தங்கச்சி போனில் கேட்டாள்:
"பென்ஷன் ஏதும் வருமாமா?"
"பொய் சொல்லியிருக்கார்டி."
"யாரு, போஸ்ட்மேனா?"

பழைய ஜெட்டியில்
மிச்சம் ஏழு கட்டைகள்.
நீர்மட்டம்வரை சிப்பி அப்பியிருக்கிறது.
அதற்குக் கீழே என்னவென்று
இறங்கிப் பார்க்க முடியாது.
எனக்கு
நிஜமாகவே தெரியாது.