பன்னிரண்டாம் திகதி வரை

வெள்ளவத்தையிலிருந்து நூறாம் நம்பர் பஸ்,
மடியில் லெப்டொப், அதன்மேல் பகல் சாப்பாடு.
செட்டியார் தெருவில் பதினொரு மணி வெயில்
கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இறங்கி
விலை பார்த்துக்கொண்டிருந்தது.

"வட்டி பூச்சியம் எண்டு காட்டுது பிள்ளை,"
என்றார் அருமைத்துரை முதலாளி.
"ஆறு பவுண் சங்கிலி. ஆறு கிழமை கிடந்தது.
சும்மா வச்சுப் பாக்க இது என்ன, கோயில் பெட்டகமோ?"

பாஹிமா கதிரையை விட்டுத் தந்தாள்.
விசைப்பலகையில் ஏழு தேய்ந்து வெறும் வெள்ளை.

முதலில் சந்தேகப்படுவது மற்றவர்களைத்தான்:
வைரஸ், மின்வெட்டு, வயரைக் கடித்த எலி.
கோப்பைச் சுருக்கிப் பார்த்தேன். பூச்சியம்.
போன கிழமைப் பிரதியைத் திறந்தேன். பூச்சியம்.
பிறகு எஃப் எட்டை அழுத்தி அழுத்தி
ஒவ்வொரு வரியாய் நடத்திக்கொண்டு போனேன்,
ஊசி போடக் கூட்டிப்போகிற பிள்ளையைப் போல.

அடகு வைத்த நாள்: ஓகஸ்ட் ஐந்து.
மீட்ட நாள்: இன்று, ஜூன் இருபது.

இன்னும் வராத ஒரு நாளில் வைத்த சங்கிலி.

பற்றுச்சீட்டு அடிக்கட்டையில்
பாஹிமாவின் நீல மை வடிவாய் இருந்தது: மே எட்டு.

இரண்டு ஹாஷ் குறிகளுக்கு நடுவே திகதியை வைத்தால்
இந்தத் தரவுத்தளம் அமெரிக்கக் கண்ணால் வாசிக்கும்,
மாதம் முதலில், நாள் பிறகு.
பதின்மூன்றாம் மாதம் ஒன்று இல்லாதபடியால்
பதின்மூன்றிலிருந்து தானாகவே புரட்டிச் சரியாய் எழுதிவிடும்,
ஒரு சத்தமும் போடாமல்.
பன்னிரண்டாம் திகதி வரை பொய்,
பிறகு மாதம் முடியும்வரை நல்ல பிள்ளை.
ஐந்தாம் மாதம் ஐந்தாம் திகதி வந்தவர்கள்
ஒன்றும் ஆகாமல் தப்பினார்கள்.

யார் எழுதிய வரி என்று மேலே போய்ப் பார்த்தேன்.
"வேகத்துக்காக மாற்றியது", போன வருசம் ஜனவரி இருபத்தேழு,
பக்கத்தில் என் முதலெழுத்து.
அன்றைக்கே சோதித்தும் பார்த்திருக்கிறேன்.
இருபத்தேழாம் திகதியில் என்ன தெரியும்.

கீழே இன்னும் இரண்டு வரி, அவையும் என்னுடையவை:
வட்டி கழித்தலில் வந்தால் பூச்சியமாக்கு.
பிழை வந்தால் பொருட்படுத்தாதே, அடுத்த வரிக்குப் போ.

பூச்சியம் முதலாளியின் காசு, அதனால் கண்ணில் பட்டது.
மற்றப் பக்கத்தைப் பார்க்கச் சொல்லி
ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை.
நான் ஒரு வினவல் எழுதி ஓடவிட்டேன்.
நூற்றிப் பத்தொன்பது நிரைகள்.

மோதரை, இமெல்டா செபமாலை, காப்பு இரண்டு.
வைத்தது போன ஓகஸ்ட் ஐந்து,
எடுத்தது அதே ஓகஸ்ட் பத்தொன்பது,
வட்டி கட்டியது மே எட்டிலிருந்து.
ஏன் வைத்தாள் என்பதற்கு
அட்டவணையில் நான் நிரல் போடவில்லை.

"அவ கேட்டவ," என்றாள் பாஹிமா.
"கொம்பியூட்டர் பிழை விடாது அக்கா எண்டு
நான்தான் சொல்லி அனுப்பினன்."

முதலாளி கல்குலேட்டரைத் தட்டிப் பார்த்தார்.
"கூட வந்ததும் குறைய வந்ததும்
கிட்டத்தட்டச் சரிக்குச் சரி. விடுங்கோ பிள்ளை."
சரிதான்.
சங்கிலிக்காரர் கட்டாததை
இமெல்டா கட்டியிருக்கிறாள்.

திருத்த ஒரு நிமிசம்: வருடம், மாதம், நாள்.
"பொருட்படுத்தாதே" வரியையும் தூக்கினேன்.
ஓடவிட்டவுடன் மூன்று இடத்தில் விழுந்தது.
இத்தனை நாளும் வாயைப் பொத்தி வைத்திருந்த பிழைகள்
சாம்பல் நிறப் பெட்டிகளாய் ஒன்றன்மேல் ஒன்று
திரையில் வந்து நின்றன.
சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கவே இல்லை.

நாலு மணிக்குப் பின் பழைய பிரிண்டர்
கிரீச்சிட்டு அடிக்கத் தொடங்கியது.
"என்னது அடிக்குது?" உள்ளறையிலிருந்து குரல்.
பாஹிமா காகிதத்தைத் துளையோரமாய்க் கிழித்தாள்,
தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தாள்.

முதலாவது இலக்கம் பாவனையில் இல்லை.
இரண்டாவதுக்கு
ரிங் போகிறது.