கையளிப்புக்கு முந்தின இரவு

நாளை பத்து மணிக்கு வீட்டைக் கையளிக்கவேணும்.
ஓல்டன், மூன்றாம் மாடி. ரயில் போகையில்
வெறும் அறைகள் முன்னைவிட உரக்கப் பேசுகின்றன.
கதவுநிலைகளில் பெயின்ற் பெயர்ந்த இடம் பதினொன்று.
எண்ணிப் பென்சிலால் வட்டமிட்டேன்.

கடைக்காரி கேட்டாள்: என்ன வெள்ளை?
வெள்ளைதான், என்றேன்.
விசிறிபோல் விரித்தாள் ஓர் அட்டைக்கட்டை:
பாலின் வெள்ளை, பல்லின் வெள்ளை,
கழுவின அரிசியின், காய்ந்த சுண்ணாம்பின்.
கடுதாசியில் மடித்துக் கொண்டுபோன
நகமளவு செதிலை நீட்டினேன்.
கருவிக்குள் வைத்தாள். அது சொன்ன எண்ணுக்குள்
பதினாறு வருசத் தாளிதப் புகையும் இருந்தது.

சுரண்டச் சுரண்ட வெள்ளைக்குக் கீழே மஞ்சள்,
மஞ்சளுக்குக் கீழே ஆஸ்பத்திரிப் பச்சை,
எங்களுக்கு முந்தி யாரோ விரும்பி அடித்தது.
அதற்கும் கீழே மரம்.
மரத்துக்கு ஒன்றும் தெரியாது.

இடுப்பளவில் ஓடும் நீளக் கீறல்
ஸ்ட்ரெச்சர் திரும்பினபோது வந்தது.
தூக்குங்கோ தூக்குங்கோ என்று நான் தமிழில் கத்த
அவர்கள் தங்கள் மொழியில் தூக்கினார்கள்.
ஒன்பதாம் நாள் ஞானசீலன் நடந்தே வந்தார்.
சப்பாத்துக் கழற்ற முதல் கீறலைத் தடவி
"இதுக்கும் முற்பணத்தில கழிப்பாங்கள்" என்றார்.

முழங்காலுக்குக் கீழே கொத்தாக நாலு:
ஆரபியின் ஹொக்கித் தடி. கேட்டால் மறுப்பாள்.

உப்புத்தாளை மடித்துத் தேய்த்தேன்.
பழசு முடிந்து பள்ளம் தொடங்குகிற வரம்பு
படியாய் நிற்கக்கூடாது, சரிவாய் இறங்கவேணும்.
கண்ணை மூடி விரலால் தேடினேன்.
தடக்கியது. திரும்பத் தேய்த்தேன்.
விரலுக்கும் தெரியாமற் போனபின்
மெல்லிசாய்ப் பட்டி, பிறகும் உப்புத்தாள்,
தூரிகை நுனியில் மட்டும் பெயின்ற்.
வெளியே மழை. இரண்டாம் பூச்சுக் காய மறுத்தது.
தலைமயிர் உலர்த்தியைப் பிடித்தபடி
நிலைக்கு நிலை நகர்ந்தேன், விடியும்வரை.

நிர்வாகத்திலிருந்து நீடர்ஹவுசர் வந்தார்,
கையில் டோர்ச், கக்கத்தில் பட்டியல்.
குழாய் சரி. அவன் சரி. யன்னல் விளிம்பு சரி.
கதவுநிலையில் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தார்.
ஒன்றும் அகப்படவில்லை.
நம்பாமல், இடுப்பளவில்,
பெருவிரலை வைத்து அழுத்தினார்.

எடுத்தபோது ரேகை அப்படியே இருந்தது:
சுழி, வளையம், குறுக்கே ஒரு பழைய வெட்டு.
விரலில் எங்கள் வெள்ளை.

அவர் பார்த்தார். நான் பார்த்தேன்.
பேர்ன் பக்கம் ரயிலொன்று போய் முடிந்தது.
துடைக்கத் துணி கொடுத்தேன்.
அவர் பட்டியலை முழங்காலில் வைத்து
"ஓர் அடையாளம். குடியிருந்தவரால் வந்ததல்ல"
என்று எழுதி, என்னிடம்
கையொப்பம் கேட்டார்.