புள்ளி

காரைக்குடியில் ஒரு வங்கிக் கிளை இடம் மாறியபோது
எடைக்குப் போட்ட சாமான்களுக்குள் ஒரு தகர டப்பா.
உள்ளே முப்பது மீட்டர் மைக்ரோபிலிம்,
பேரேடுகளைப் படியெடுக்க வாங்கியது, முத்திரை பிரியாமல்.
நூற்றைம்பது ரூபாய் என்றான் கடைக்காரன்,
டப்பாவின் எடையையும் சேர்த்து.

ஓரத்தில் துளை கிடையாது.
பல்சக்கரம் இல்லாத மடக்குக் காமிராவில்
கறுப்புக் காகிதம் சுற்றி ஏற்றினேன்.

அதற்குச் சாம்பல் தெரியாது.
எழுத்து உண்டு, எழுத்து இல்லை,
அவ்வளவுதான் அது படித்த படிப்பு.
'க'வை 'க்' ஆக்கும் அந்த ஒரு புள்ளியை
நகத்தளவுப் படத்திலும் தவறவிடக் கூடாது என்று
செய்து அனுப்பியிருக்கிறார்கள்.
முதலில் தம்பி ஞானவேலைக் காட்டினேன்.
கண்குழி கரி. நெற்றி சுண்ணாம்பு.
"என்னைய வால்போஸ்டர் ஆக்கிட்டியே" என்றான்.

மருந்தை மாற்றினேன்.
லிட்டருக்கு ஒன்றரை கிராம் பினிடோன், முப்பது கிராம் சல்பைட்,
வேறொன்றும் இல்லை, நீராகாரம் மாதிரி.
கலந்த அன்றைக்கே ஊற்றிவிட வேண்டும்.
சித்திரை மாசம்; குழாய்த் தண்ணீரே கொதித்தது.
பானைத் தண்ணீருக்குள் டாங்கியை இறக்கி
பதினைந்து நிமிஷம் புரட்டிப் புரட்டி
எடுத்துப் பார்த்தால்
தம்பிக்குக் கன்னம் இருந்தது.

அந்த வாரம்தான் வக்கீல் சாத்தப்பன் கூப்பிட்டார்.
கோனாபட்டில் ஒரு வீடு, தேவகோட்டைக் கோர்ட்டில் பாகவழக்கு.
பதினேழு புள்ளிக்குப் பாத்தியதை.
(கல்யாணமாகித் தனிக் கணக்கில் நிற்கிற குடும்பம்
இங்கே ஒரு புள்ளி.)
"விரிசல் எல்லாம் விழணும்மா. ஒண்ணு விடாம."

ஆறு ஏஎஸ்ஏ.
இரண்டாங்கட்டின் அரைவெளிச்சத்தில் எட்டு நொடி.
முக்காலிக்குக் கீழே செங்கல் வைத்து
மூச்சை நிறுத்திக்கொண்டு எடுத்தேன்.

ராத்திரி, பெரிதாக்கும்போது ஒரு சங்கடம்.
ஃபோகஸ் பார்க்கப் பூதக்கண்ணாடியில் பிலிமின் புள்ளியைத்தான் தேடுவோம்.
இதில் புள்ளியே இல்லை.
எதைப் பிடித்துக் கூர்மை பார்ப்பது?
தடவித் தடவி அடுப்படி நிலைக்கால் பக்கம் வந்தேன்.
கரிக்கோடுகள்.
நாலு நாலாய் நின்று, குறுக்கே ஒரு கோடு விழுந்து.
பால் கணக்கு.
அதற்கும் கீழே, கொஞ்சம் சாய்ந்த கையெழுத்தில்:
அடைக்கிக்கு நாலு மாசம் பாக்கி.

பேரேட்டுக்காகச் செய்த பிலிம்
பேரேட்டைக் கண்டுபிடித்துவிட்டது.

நான் படம் எடுத்தபோது அடைக்கி அங்கேதான் இருந்தாள்,
வளவிலிருந்து பெருக்கிக்கொண்டு
குறுக்கே போனாள்.
படத்தில் அவள் இல்லை.
கொண்டுபோய்க் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள்.
"உத்தரத்து ஓணான்கூட விழுந்திருக்கு.
நான் விழலியே."
"நீங்க அசைஞ்சுகிட்டே இருந்தீங்க."
"வேல செய்யிறவுக அசையாம என்ன செய்வாக?"

பதில் இல்லை என்னிடம்.
முக்காலியை மறுபடி விரித்தேன்.
நிலைக்காலை ஒட்டி நின்றாள்.
வாய்விட்டு எண்ணினேன், ஒண்ணு, ரெண்டு.
ஐந்தாவதில் இமைத்தாள்; பிலிம் அதைக் கண்டுகொள்ளவில்லை.
முந்தானையைப் பிடித்த இடதுகை மட்டும்
லேசாகப் புகைந்திருந்தது.
மற்றதெல்லாம் இருந்தது,
மூக்குத்தித் திருகு, ரவிக்கையில் போட்ட ஒட்டுத் தையல்,
தோளுக்குப் பக்கத்தில் அந்தக் கரி எழுத்து.

இருபத்திரண்டு படங்களை அடுக்கிக் கட்டிய வக்கீல்
இருபத்திமூன்றாவதை விளக்குக்கு நேரே தூக்கினார்.
"இதுல விரிசல் எங்கம்மா?"
லென்ஸை நீட்டினேன்.
குனிந்தார். படித்தார். நிமிர்ந்து கொஞ்ச நேரம் பேசவில்லை.
"கமிஷனர் வர்றதுக்கு முன்னாடி
அந்த நிலைக்கு ஒரு கை பெயிண்ட் அடிக்கச் சொல்லணும்."

அடித்திருப்பார்கள்.

நெகடிவ் என்னிடம்தான் இருக்கிறது, கண்ணாடித்தாள் உறைக்குள்.
பாக்கி என்ற சொல் அதில்
ஒரு எள்ளின் முனை அளவுகூட வராது.
பெரிதாக்கினால்
நடு எழுத்தின் தலையில்
கரிக்கட்டை அழுத்தித் திருகிய இடம்,
புள்ளி,
ஓரம் கூடக் கலையாமல்.