ஒரு கணு கீழே

ஹூசோய் தீவில் ஒருகாலத்தில்
காற்றுக்குப் பயந்து வீடுகளை
இரும்பு வடத்தால் பாறையோடு கட்டிவைத்தார்கள்.
எய்லெர்ட் வீட்டில் வடம் இன்னும் இருக்கிறது.
பிப்ரவரியில் அது முனகும்.
எழுந்துபோய்த் தொட்டுப் பார்ப்பான்,
காய்ச்சல்காரர் நெற்றியைத் தொடுவதுபோல.

முப்பத்தொன்றாம் வயதில்
படகுத்துறையின் பதினோரு படிகள்
பன்னிரண்டாயின். பிறகு இருபது.
ஆடுதசை மட்டும் புடைத்துப் பெருத்து
பந்தயக்காரன் கால்போலப் பொய் சொன்னது.
நாற்காலியிலிருந்து எழ
தன் தொடையிலேயே கையூன்றித்
தன்மேலேயே ஏறினான்.

ட்ரொம்சோ. மூன்றாம் மாடி. நல்லவேளை, மின்தூக்கி.
ராக்ன்ஃப்ரிட் திரையை அவன் பக்கம் திருப்புகிறாள்:
நானூற்றுத் தொண்ணூற்றைந்து மணி கோத்த சரம்
சுருண்டு மடிந்து, ஒரு நொதி.
ஒன்றல்ல, நான்கு.
ஒன்றின் தண்டு அடுத்ததன் தோளில் சாய
கூட்டாக நிற்கின்றன.

"என்ன வேலை இதற்கு?"

"கயிறு கோப்பது.
தசைச் செல்லின் தோலில் ஒரு புரதம்
முளையடித்து நிற்கிறது.
அதிலிருந்து சர்க்கரைக் கயிறு வெளியே நீண்டு
சுற்றியிருக்கும் வலையைப் பிடிக்க வேண்டும்.
நடுவே இரண்டு துண்டு ரிபிட்டால்,
சர்க்கரைக்குச் சித்தப்பா மகன்.
முதல் துண்டை வேறொரு நொதி வைக்கும்.
இரண்டாவது இதன் பொறுப்பு.
இது வைத்தால்தான் மற்றவை பின்னிக்கொண்டே போகும்.
இல்லையென்றால், நடக்க நடக்க,
கட்டாத படகு துறையில் மோதுவதுபோல
தசை சிதையும்."

"எந்த முடிச்சு?" என்றான்.
பத்து வயதிலிருந்து வடம் முடிபவன்.

முடிச்சே கிடையாது.
பிளவுக்குள் ஓர் உலோக அயனி காத்திருக்கும்.
சுமை வரும். அவிழும். துண்டு இடம் மாறும்.
வெறுங்கூடை திரும்பிப் போகும்.

இருநூற்று எழுபத்தாறாம் மணியைப் பெரிதாக்கினாள்.
இருக்க வேண்டியது லியூசின்.
அவனிடம் ஐசோலியூசின்.
விரல்விட்டு எண்ணினான்:
பக்கக்கிளையில் அதே நான்கு கார்பன்,
அதே ஒன்பது ஹைட்ரஜன்.
எதுவும் தொலையவில்லை.
கிளை பிரிகிற இடம் மட்டும்
ஒரு கணு கீழே இறங்கியிருந்தது.

தமிழில் எழுதுகிற நான் இங்கே தடுக்கி நிற்கிறேன்.
கனா என்று எழுதப்போய்
கால் ஒரு கட்டம் முன்னே விழுந்தால் கான.
எழுத்து கூடவுமில்லை, குறையவுமில்லை.
அந்தக் குறிக்குப் போய்க்
கால் என்றா பெயர் வைத்தோம்!

அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று.
ஒற்றைப் பிழை யாரையும் ஒன்றும் செய்யாது;
இருவரும் எழுபதிலும் பனிச்சறுக்குகிறார்கள்.
ஞாயிறன்று தொலைபேசியில் அம்மா
மன்னிப்புக் கேட்டாள்.
"எதற்கம்மா? ஒரு கார்பனுக்கா?"

"செத்துப்போச்சா அது?"
"இல்லை. மெதுவாகச் செய்கிறது."
"மெதுவான ஆளென்றால்
கயிற்றை அவன் பக்கத்திலேயே குவித்துவைக்க வேண்டியதுதானே.
தேடுகிற நேரமாவது மிஞ்சும்.
காட் மீன் பருவத்தில் நாங்கள் அப்படித்தான்."

ராக்ன்ஃப்ரிட் சற்று நேரம் பேசவில்லை.
பிறகு சொன்னாள்:
ரிபிட்டாலைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்துப்
பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்,
சோதனைதான்,
நான் எந்த வாக்கும் தர முடியாது,
பட்டியலில் வேண்டுமானால் பெயர்…

"இனிக்குமா?"

"கொஞ்சம்."

சாப்பாட்டு நாற்காலியின் கால்களுக்கடியில்
மீன்பெட்டிப் பலகை அடித்து
நாலு விரல்கடை உயர்த்தியிருக்கிறான்.
இன்றிரவு வடமேற்குக் காற்று.
வடம் முனகத் தொடங்கிவிட்டது.
எழுந்து போகவில்லை.
உட்கார்ந்தபடியே, எந்தச் சுருதியில் என்று
கேட்டுக்கொண்டிருக்கிறான்.