ஈரத்துக்கு இரண்டு கிலோ

சேரம்பாடி இலைக்கொட்டகை.
ஆனி மழையின் ஒன்பதாம் நாள்.
எடைச்சீட்டு நாற்பத்தொன்றின் முதுகில்
பால்பாயின்ட் பேனா, மை பாதி கரைந்து:

    ஈரம் கழித்தாய் இலைகழித்தாய் கூடையிலென்
    நேரம் கழித்தாய் நிறுத்து.

எழுதியவர் பெயர் பின்னால் இல்லை.
முன்னால் இருக்கிறது, என் கையெழுத்தில்:
பவளக்கொடி, பத்தொன்பது கிலோ,
ஈரத்துக்கு இரண்டு கழிவு.

கோபம் வந்தது. பிழை தேடினேன்.
அஞ்சல்வழியில் தமிழ் படித்தவன்,
யாப்புத் தாளில் இரண்டு முறை விழுந்தவன்,
தராசு ஓய்ந்த நேரத்தில்
பில் புத்தகத்து ஓரத்தில் அலகிட்டேன்.

ஈரம், தேமா. கழித்தாய், புளிமா.
மாவுக்குப் பின் நிரை, சரி.
இலைகழித்தாய், கருவிளங்காய்.
காய்க்குப் பின் நேர், அதுவும் சரி.
ஒரு தளையாவது தட்டியிருந்தால்
சீட்டைக் கசக்கிப் போட்டிருப்பேன்.

ஈரத்துக்கு நேரம் எதுகை.
நேரத்துக்கு நிறுத்து மோனை.
கூடையில் இடம் போதாமல்
அடியின் விளிம்பில் தொங்குகிறது ஓர் 'என்'.

'கழித்தாய்' மூன்று தரம்.
முதலாவது என் தொழில்.
இரண்டாவது, தண்ணீர் என்று சொல்லி
நான் தள்ளிய கொழுந்து.
மூன்றாவதில் அவள் வரிசையில் நிற்கிறாள்,
நான் டீ குடித்து முடிக்கும்வரை.
எனக்குப் பொழுது கழிந்தது,
அவளுக்குக் கூலியில் கழிந்தது.
ஈரம் என்றால் இரக்கமும்தான் என்பது
இரவு பாயில் படுத்த பிறகே உறைத்தது.

அலகிடும்போது ஒற்றுக்குக் கணக்கில்லை.
ஈரத்தின் 'ம்', கழித்தாயின் 'ய்',
வாயில் இருக்கும், வாய்பாட்டில் இராது.
நானும் அப்படித்தான்:
மழை பெய்தால் இரண்டு,
பெய்யாவிட்டால் சாக்குக்கு ஒன்று.

கடைசிச் சீர் நிறுத்து.
வாய்பாடு பிறப்பு.
எடைபோட்டு என்று படித்தேன்.
விளக்கணைக்கும் முன் மறுபடி படித்தேன்,
போதும் என்றது.

பதிலுக்கு ஒரு குறள் முயன்றேன்.
ஆறு சீர் வந்தது.

மறுநாளும் மழை.
கொக்கியில் சாக்கு ஆடி நின்றது,
முள் பதினெட்டரையில்.
"எவ்வளவுங்க?" என்றாள்
படங்கை இடுப்பில் இறுக்கியபடி.
பின்னால் இருபது பேர் நனைந்துகொண்டிருந்தார்கள்.
எழுதி, கிழித்துக் கொடுத்தேன்.
எண்ணைப் பார்க்கவில்லை அவள்.
சீட்டைத் திருப்பி
முதலில் அதன் முதுகைப் பார்த்தாள்.