வினா இலக்கம் பதினேழு

ஐயா,
பதினான்கு நாட்களுக்குள் பதில் கேட்டிருந்தீர்கள்.
இது பதின்மூன்றாம் நாள்.
மின்விசிறி உங்கள் கடிதத்தைத் தாள் தாளாய்ப் புரட்டுகிறது,
என்னைவிட அதற்குப் பொறுமை.

மார்கழி ஒன்பதாம் திகதி
நாற்பது லீற்றர் டீசல்
ஓட்டக் குறிப்பேட்டில் ஏறாதது ஏன் என்கிறீர்கள்.
அன்றைக்கு மழை.
மட்டிக்களியில் வாய்க்கால் எது வீதி எது தெரியவில்லை.
சாரதி மர்சூக் குறிப்பேட்டைச் சீற்றுக்கடியில் செருகிவிட்டு
தண்ணீர்ப் பம்பிக்கு ஊற்றியிருக்கிறார்.
சீற்றுக்கடியிலும் தண்ணீர்.
"தவிர்க்க முடியாத காரணம்" என்றால் போதும்
என்கிறார் செயலாளர்.

சம்பளம் திறைசேரி தருகிறது, மறுக்கவில்லை.
இருபத்தைந்தாம் திகதி இருதயமேரி வந்து கையொப்பமிடுகிறா.
அவ தள்ளும் வண்டியின் சில்லு மட்டும்
எந்தச் செலவுத் தலைப்பிலும் உருள்வதில்லை.
கூட்டுகிற கைக்குக் காசு உண்டு,
விளக்குமாறுக்கு இல்லை.

முதலில் நிலுவையை அறவிடுங்கள்,
மானியத்தைப் பிறகு பார்க்கலாம் என்றீர்கள்.
அறவிட்டோம்.
அலஸ்தோட்டத்தில் ஒரு தகரக் கூரை,
எண்ணூற்று நாற்பது ரூபா.
சிவப்பு அறிவித்தல் ஒட்டிய அன்றே
ஒரு பெண் ஓடிவந்து கட்டினா,
நனைந்த தாள்கள், சூடை மீன் மணம்.
ரசீதைக் கொடுக்கும்போது நான் நிமிரவில்லை.

பட்டியலின் மேலே உள்ள ஒன்பது பெயர்களும்
திணைக்களங்கள், ஐயா.
ஒன்று உங்கள் மாடிக்கு அடுத்த மாடி.
நினைவூட்டல் மூன்றுக்கும் ஒரே பதில்:
ஒதுக்கீடு கிடைத்ததும் செலுத்தப்படும்.
ஆக, நீங்கள் தரவேண்டியதை
உங்களிடமே வாங்கிக் காட்டினால்
நீங்கள் தருவீர்கள்.
இந்த வரியைச் செயலாளர் அடித்துவிட்டார்.
பென்சிலால் திரும்ப எழுதியிருக்கிறேன்.

வினா பதினெட்டு சரி.
அந்த வான் வாடகை, அந்தச் சாப்பாட்டு பில்,
இரண்டிலும் என் சுருக்கொப்பம் இருக்கிறது.
அப்போது கேட்க நீங்கள் வரவில்லை.
வந்திருந்தால்
ஒரு ரயர் மிஞ்சியிருக்கும்.

ஐந்து மணி. எடுக்காத குப்பையைச் சுற்றி
புள்ளிமான்கள் கூடிவிட்டன.
ஒன்று பொலித்தீனை மெல்லுகிறது,
விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

தபால் செலவு இந்த மாதம் முடிந்துவிட்டது.
முத்திரை என் காசு.
அதற்கும் ஒரு வினா வரும்,
இலக்கம் பத்தொன்பதை
இப்போதே கோப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.