உறுதியில்லை

வியர்டேலில் மழை விட்டபாடில்லை.
எட்வின் பியர்ட்டின் கொட்டகையை
அடக்கம் முடிந்த ஒன்பதாம் நாள் திறந்துவிட்டாள் மேரியன்.
முட்டை அட்டைகளில் கற்கள்.
ஒவ்வொன்றின் கீழும் எறும்பு ஊர்ந்ததுபோல் ஒரு சீட்டு:
எந்தச் சுரங்கம், எந்தக் குப்பைமேடு, என்ன கிழமை.
பாதிக்கு மேல் "உறுதியில்லை" என்றிருந்தது.
எத்தனை பேர் அவரிடம் கேட்டு
உறுதியோடு வீடு திரும்பினோம்!

தபால்காரி ஷோனா கற்களைத் தொடவில்லை.
ஒருமுறை ஆற்றோரம் பொறுக்கிய கட்டியை
நீலக்கல் என்று நம்பி நீட்டியவள்.
அவர் சிரிக்கவில்லை.
லென்ஸைக் கண்ணோடு ஒட்டி
தேநீர் ஆறிப்போகும்வரை பார்த்தார்.
இதோ, புளோரைட்டுகளுக்கு நடுவே அது:
"ஈய உலைக் கசடு. ஷோனா கண்டது. அழகு."

சீட்டு மட்டும் போதும் என்றாள்.
கல்லோடு கொண்டுபோ, என்றாள் மேரியன்.

எனக்கு ஒரு பச்சைக் கனசதுரம்.
விளக்கடியில்தான் பச்சை.
"வெளியே கொண்டு வா" என்பார்,
செருப்பு மாட்டக்கூட விடமாட்டார்.
கொண்டு வந்தேன்.
வெயில் கேட்காது அது, இந்த மூட்டம் போதும்.
வாசல் தாண்டுகையில் நீலம் ஏறிற்று.
காலுறை நனைந்தது.
சொல்வதற்காகத்
திரும்பிவிட்டேன்.